இருபத்தெட்டரை

ஆறு இருபதுக்கு வெள்ளைத்தாய் பச்சைப் பொத்தானை அமுக்கினாள். மோட்டார் ஒருதரம் இருமிவிட்டு உறுமத் தொடங்கியது. இனி ஐம்பத்திரண்டு நிமிஷம். தொட்டி முழுக்க நிறைய இரண்டு மணி நாற்பது நிமிஷம் ஆகும், ஆனால் முழுக்க ஏற்றினால் குடிக்க ஆளில்லாமல் தண்ணீர் கிடந்து பாசி மணக்கிறது, புழு வைக்கிறது. ஆகவே மூன்றில் ஒரு பங்கு போதும் என்று அவளே முடிவு செய்துகொண்டாள். அதற்கு யாரிடமும் உத்தரவு கேட்கவில்லை. தொட்டிக்கு அளவு காட்டும் பலகை கிடையாது, காதுதான் பலகை. முதலில் வெறும் அண்டாவில் சோளம் கொட்டுகிற சத்தம், அப்புறம் கொஞ்சம் கனத்த சத்தம், அப்புறம் தண்ணீரில் தண்ணீர் விழுகிற சத்தம். அவள் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எதிரே சுவரில் சாக்பீஸ் எண்கள் மேலிருந்து கீழாக இருபத்தாறு வரி. ஒவ்வொரு தை முதல் தேதியும் நெடும்பொட்டலில் எத்தனை பேர் தண்ணீர் குடிக்கிறார்கள் என்று எண்ணி எழுதியது. மேலே இருநூற்று முப்பத்தெட்டு. கடைசியில் இந்தத் தை, முப்பத்து மூன்று. தைக்குப் பிறகு வேலுச்சாமித் தாத்தா போய்ச் சேர்ந்தார், அஞ்சலை இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கோவில்பட்டிக்குப் போனாள். நாலு கழித்தால் இருபத்தொன்பது. வடக்குத் தெரு ஒன்பது, தெற்குத் தெரு எட்டு, காலனி ஒன்பது, கரிமூட்டக் குடிசை மூன்று. இருபத்தொன்பது. அல்லது இருபத்தெட்டரை. அந்த அரையில்தான் அவள் மனசு ஒவ்வொரு தடவையும் போய் இடறிக்கொள்ளும். இன்றைக்கும் இடறியது.

முப்பது பேருக்குக் குறைந்தால் இந்தத் தொட்டிக்குக் கரண்ட் கிடையாது என்று போன வாரம் பஞ்சாயத்து கிளார்க் சொல்லிவிட்டுப் போனார். வாரத்துக்கு இரண்டு நாள் லாரி வருமாம். லாரி என்றால் அவளுக்குத் தெரியும். மேலப்பட்டிக்கு லாரி வருகிற அழகைப் பார்த்திருக்கிறாள். உச்சி வெயிலில் வரும், குடத்தோடு ஓடத் தெம்புள்ளவர்களுக்குக் கிடைக்கும், இல்லாதவர்கள் லாரி சக்கரத்தில் சிந்தினதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இங்கே ஓடத் தெம்புள்ளவர்கள் எத்தனை பேர்? ஆறு. அவள் அதையும் எண்ணி வைத்திருந்தாள். லாரி வந்தால் ஒரு வருஷத்தில் மற்ற இருபத்து மூன்று பேரும் ஏதாவது ஒரு ஊரில் ஏதாவது ஒரு பிள்ளை வீட்டுத் தாழ்வாரத்தில் பாயைச் சுருட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அப்புறம் இந்த எண்ணுக்கு அவசியம் இருக்காது. சுவரில் கடைசியாக ஒரு சுழி போட வேண்டியதுதான். அதைப் போட ஆள் இருக்க வேண்டுமே, ஆள் இருந்தால் சுழி ஆகாதே. இந்த இடத்துக்கு வந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது, உடனே நின்றது, ஏனென்றால் தெற்கே தூசி கிளம்பிவிட்டது.

இந்தப் பொட்டலில் எதுவும் ஒளிந்து வர முடியாது. மலை கிடையாது, மேடு கிடையாது, கரிசல் நாலு பக்கமும் பாயை விரித்தாற்போல் கிடக்கிறது, இரண்டு மைல் தள்ளி ஒரு ஸ்கூட்டர் வந்தாலும் தூசி முன்னால் வந்து ஆள் வருகிறதென்று சொல்லிவிடும். ஜனத்தொகைக் கணக்கெடுக்கிற டீச்சர், அவள் எழுதுகிற எண்ணில்தான் தொட்டி ஓடுவதும் நிற்பதும். பேர் ஜெபக்கனி, பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடம். ஆறரைக்கு வருகிறேன் என்று சொன்னவள் ஆறரைக்கே வருகிறாள், நேரம் பார்க்கிற பொம்பளை, நல்லது. தூசிக்கு முன்பே எத்திராசு மாமா வந்து தொட்டியின் சிமெண்டுப் பீடத்தில் உட்கார்ந்துவிட்டார். ஊர்ப் பெரியவர், எழுபத்து நாலு வயசு, வெள்ளைத் துண்டு, கையில் கம்பு. மோட்டார் அறைக் கதவு திறந்திருந்தது. அவர் ஒருதரம் உள்ளே பார்த்தார், ஆள் இருக்கிறதா என்று பார்க்கிற பார்வை அல்ல, மோட்டார் ஓடுகிறதா என்று பார்க்கிற பார்வை. எட்டு நிமிஷம் ஆகியிருந்தது.

"வாங்க டீச்சர், உக்காருங்க. காப்பி கொண்டாரச் சொல்லட்டா? பாலு இல்ல, கருப்பட்டிதான்." "வேண்டாங்கய்யா, கெடக்கட்டும். மொதல்ல ஊர்ப் படம் போடணும். தெரு எத்தனை?" "தெருவைச் சொல்றதுக்கு முந்தி ஊரைச் சொல்லணும்ல," என்று மாமா ஆரம்பித்துவிட்டார். ஏழு வண்டி. தாது வருஷப் பஞ்சத்தில் மேற்கேயிருந்து ஏழு வண்டியில் ஏழு குடும்பம், காளையெல்லாம் எலும்பும் தோலுமாக வந்ததும், இந்த இடத்துக்கு வந்ததும் முதல் வண்டியின் அச்சு முறிந்ததும், சரி அம்மன் இங்கேயே நிற்கச் சொல்கிறாள் என்று இறங்கியதும். வெள்ளைத்தாய் இந்தக் கதையைக் கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து ஒவ்வொரு பொங்கலுக்கும் கேட்டிருக்கிறாள். ஏழு வண்டிக்கும் ஆளைக் கூட்டிப் பார்த்திருக்கிறாள், கதையில் வருகிற பேரையெல்லாம் சேர்த்தால் நாற்பத்தொன்று. ஆனால் ஊருணி வெட்டியது யார்? அதே கதையில் மூன்று மாசத்தில் ஊருணி வெட்டி முடிந்துவிடுகிறது. எலும்பும் தோலுமாக வந்த நாற்பத்தொரு பேர், அதில் பாதி பிள்ளைகள், அவ்வளவு பெரிய ஊருணியை மூன்று மாசத்தில் வெட்ட முடியாது. மண்வெட்டி பிடித்த கணக்கு உதைக்கிறது. காலனி இருளப்பன் ஒருநாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னான், "வண்டி ஏழுதான் மதினி. வண்டிக்குப் பின்னால நடந்து வந்தவுகளை யாரு எண்ணுனா?" அன்றைக்கு அவளுக்கு அந்தக் கணக்கு நேரானது. நேரானதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பேசுவதென்றால் அவளுக்குத் தொண்டையில் ஏதோ வந்து உட்கார்ந்துகொள்ளும், நெல்லிக்கொட்டை மாதிரி. அவள் எண்ணுவாள், எழுதுவாள், வால்வு திறப்பாள். அவ்வளவுதான்.

வெளியே மாமா கம்பால் தரையில் கோடு போட்டார். வடக்குத் தெரு, தெற்குத் தெரு, கோயில், தொட்டி. கோடு ஓடைவரைக்கும் வந்து நின்றது. "அவ்வளவுதான் டீச்சர் ஊரு." டீச்சர் அதைப் பார்த்துத் தாளில் வரைந்தாள். ஓடைக்கு அந்தப் பக்கம் காலனி இருக்கிறது, ஆனால் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் வேலிக்கருவைதான் தெரியும். கருவைக்குள்ளே, விறகை மூடி எரித்துக் கரி சுட வெளியூரிலிருந்து வந்த காளிமுத்து போட்ட கரிமூட்டம் புகைகிறது, அது மூட்டமென்று தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும், தெரியாதவர்களுக்கு வெறும் மூடுபனி. தாளில் ஒரு கோடு நின்றால் நின்ற இடத்தில் ஊர் முடிந்தது. இருபது நிமிஷம். தண்ணீர்ச் சத்தம் கனக்க ஆரம்பித்துவிட்டது. "ஆளு எவ்வளவுங்கய்யா?" "தலைக்கட்டு ஒம்பதரை." "அரைன்னா?" மாமா சிரித்தார். "அது வந்து டீச்சர், ஆம்பளை இருந்தா அந்த வீடு ஒரு தலைக்கட்டு. அம்மனுக்குக் கெடா வெட்டுனா ஒரு பங்கு. ஆம்பளை போயிட்டா அரைத் தலைக்கட்டு, அரைப்பங்கு. இந்தா மோட்டார் ரூம்ல உக்காந்திருக்கால்ல, அவதான் அந்த அரை."

அந்த அரை. இருபத்தாறு வருஷமாக அரை. பரமசிவம் மஞ்சள் காமாலையில் போனபோது அவளுக்கு முப்பத்தேழு வயசு. முந்தின வருஷப் பொங்கலில் பனையோலையில் கட்டிக் கொடுத்த கறிப்பொட்டலம் கைக்குக் கனமாக இருந்தது, அடுத்த வருஷம் அதே கை, அதே ஓலை, பாதிக் கனம். அப்போதும் வீட்டில் வாய் இரண்டு இருந்தது, அவளும் மகன் மாரிராசும். ஆம்பளை போனால் பசியும் பாதியாகிவிடுமா என்று கேட்க நினைத்தாள், கேட்கவில்லை. பரமசிவம் பார்த்த மோட்டார் வேலையை அவளுக்குக் கொடுத்தார்கள், வேறு யாரும் விடிகாலையில் எழுந்து வரத் தயாராக இல்லாததால். முதல் தை வந்ததும் சாக்பீஸை எடுத்து இந்தச் சுவரில் எழுதினாள். தலைக்கட்டாக எழுதவில்லை. தலைக்கட்டாக எழுதினால் விதவை வீடு பாதி, காலனி சுழி, வந்தேறி சுழி. அவளுக்குத் தேவை குடம். குடம் தூக்கி வருகிற கைக்குப் பின்னால் எத்தனை வாய் என்று தெரிந்தால்தான் எத்தனை நிமிஷம் மோட்டார் ஓட்டவேண்டும் என்று தெரியும். அப்படி எழுதினது இருநூற்று முப்பத்தெட்டு. அதில் தன்னை ஒன்றாகவே எழுதினாள். ஆனால் எழுதின கையை அப்புறம் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள், களவாண்ட கை மாதிரி. இன்றைக்கும் கூட்டி முடிக்கும்போது ஒரு குரல் இருபத்தெட்டரை என்கிறது, அது அவள் குரல் இல்லை, ஊர்க் குரல், அவளுக்குள் வந்து குடியிருக்கிறது. அதை எந்தத் தையிலும் அவள் எண்ணவில்லை.

"எனக்குத் தலைக்கட்டு வேண்டாங்கய்யா. ஆளு வேணும். மூச்சு விடுற ஆளு." "அப்ப எழுதிக்கோங்க, நாப்பத்திரெண்டு." நாற்பத்திரண்டு! வெள்ளைத்தாய் முக்காலியைவிட்டுப் பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தாள். ஊரில் இல்லாதவர்களையெல்லாம் சேர்க்கிறார்: மாமா மகன்கள் இரண்டு பேர், சென்னை. அவர்கள் பெண்டாட்டி பிள்ளைகள். பூட்டிக் கிடக்கிற சீனிவாசன் வீடு, அதில் இருக்கிற ஒரே உயிர் பல்லி. இதே மாதிரிதான் பதினாலு வருஷத்துக்கு முன்னாலும். கிராமசபைக் கூட்டம், கோயில் முன்னால் சாமியானா, புதுத் தொட்டி கட்ட அதிகாரி வந்து ஜனத்தொகை எவ்வளவு என்று கேட்டார். மாமா நானூற்றுப் பன்னிரண்டு என்றார். அன்றைக்குச் சுவரில் இருந்தது நூற்று எழுபத்தொன்று. பெண்கள் பக்கம் கடைசியில் உட்கார்ந்திருந்தவள் எழுந்தாள், எப்படி எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது, கால்தான் எழுந்தது, வாயும் திறந்தது, நூற்றி என்று ஒரு சொல் வந்துவிட்டது. அதற்குள் யாரோ, அவன் முகம் இப்போதும் நினைவிருக்கிறது, செத்துப்போய்விட்டான், பேரை விடு, "ஏய், அரைத் தலைக்கட்டு முழு வாயாப் பேசுதுடோய்!" என்றான். சாமியானா முழுக்கச் சிரிப்பு. அதிகாரிகூடச் சிரித்தார், அர்த்தம் தெரியாமலே. அவள் உட்கார்ந்தாள். நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கு முப்பதாயிரம் லிட்டர் தொட்டி வந்தது. அந்தப் பொய்க்கு அளவெடுத்துத் தைத்த சட்டைதான் தலைக்கு மேலே நிற்கிறது, போட்டுக்கொள்ள ஆளில்லாமல் தொளதொளவென்று. இவ்வளவு பெரிய தொட்டி, இவ்வளவு கரண்டு, இத்தனை கொஞ்சம் பேருக்கா என்று இப்போது கேட்கிறார்கள். அன்றைக்கு நூற்று எழுபத்தொன்று என்று எழுதியிருந்தால் சின்னத் தொட்டி, சின்ன மோட்டார், யாருடைய கண்ணிலும் உறுத்தாமல் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு சொல். நூற்றி வரைக்கும் வந்தது. எழுபத்தொன்று தொண்டையிலேயே நின்றுவிட்டது, பதினாலு வருஷமாக அங்கேயே நிற்கிறது.

"அய்யா, நேத்து ராத்திரி இங்க படுத்து எந்திரிச்சவுங்கள மட்டும் சொல்லுங்க," என்றாள் டீச்சர், பள்ளிக்கூடத்துக் குரலில். "பூட்டுன வீடு பூட்டுன வீடுதான். எனக்குப் பின்னாடி ஒருத்தர் வந்து கதவைத் தட்டிப் பார்ப்பாரு. ஒண்ணு பொய்யாப் போனாலும் மொத்தத் தாளையும் அடிச்சிருவாங்க." மாமா விரல் மடக்கினார், உதடு அசைந்தது. வடக்கே ஒன்பது. தெற்கே எட்டு. "பதினேழு." "பதினேழா? அவ்வளவுதானா?" "அவ்வளவுதான்." சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தார். அவர் கண் ஒருதரம் ஓடைப் பக்கம் போய்த் திரும்பியதை வெள்ளைத்தாய் பார்த்தாள். அவருக்குத் தெரியும். ஓடையைத் தாண்டிப் பன்னிரண்டு பேர் மூச்சு விடுகிறார்கள் என்று தெரியும். ஊரை லாரிக்கு விட்டாலும் விடுவார், அந்தப் பன்னிரண்டைத் தன் வாயால் ஊரில் சேர்க்கமாட்டார். நாற்பது நிமிஷம். இவளும் யோக்கியமா? இருபத்தாறு வருஷமாக முதலில் வடக்குத் தெரு வால்வு, பிறகு தெற்கு, கடைசியில் காலனி. யாரும் எழுதி வைக்கவில்லை, பரமசிவம் அப்படித் திறந்தார், இவளும் அப்படித் திறந்தாள். கரண்ட் முன்னே பின்னே போன நாளெல்லாம் தண்ணீர் குறைந்தது கடைசி வரிசைக்குத்தான். சுவரில் அவர்களை எண்ணினாள், குழாயில் அவர்களைக் கடைசியாக வைத்தாள். எழுதும் கை ஒரு கணக்கு, திறக்கும் கை ஒரு கணக்கு. இது ஏன் இவ்வளவு நாள் உதைக்கவில்லை?

சொல்ல வேண்டும். எழுந்து போய்ச் சொல்ல வேண்டும். என்னவென்று? முப்பதுக்கு ஒன்று குறைகிறதே. பதினேழு என்றாலும் குறைவு, இருபத்தொன்பது என்றாலும் குறைவு, பிறகு எதற்கு வாயைத் திறந்து சிரிப்பு வாங்க வேண்டும்? மாரிராசைச் சேர்த்தால் முப்பது. நினைப்பு அங்கே போகும் என்று அவளுக்குத் தெரியும், போகவிடாமல் இவ்வளவு நேரம் பிடித்து வைத்திருந்தாள். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஆவணியில் அவன் திருப்பூருக்குப் பஸ் ஏறினான். அந்தத் தையில் நூற்று நாலா, நூற்று மூன்றா என்று இரண்டு நாள் சாக்பீஸை முந்தானையில் முடிந்துகொண்டு திரிந்தாள். நூற்று மூன்று என்று எழுதினாள். வீட்டுக்குப் போய் ஒரு ஆளுக்கு மட்டும் உலை வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை போனில் அவன் சிரிப்பான், "ஊரையே எண்ணுறியேம்மா, என்னை எண்ணுறியா?" எண்ணவில்லையடா. எண்ணவில்லை. பெற்ற பிள்ளையைக் கழித்து எழுதின சுவரில் இன்றைக்கு ஒரு பல்லியைக்கூடச் சேர்க்கமாட்டேன். சுவர்க் கடிகாரத்தில் நாற்பத்தாறு நிமிஷம். இந்தச் சத்தத்தில் அவள் குரல் யாருக்கும் கேட்காது. ஏழேகால் ஆனால் கரண்ட் போய்விடும், நிறுத்தின மோட்டார் உடனே மறுபடி பிடிக்காது, இப்போது நிறுத்தினால் ஆறு நிமிஷத் தண்ணீர் இன்றைக்குக் குறையும். யாருக்குக் குறையும்? கடைசி வரிசைக்கு. அவள் சிவப்புப் பொத்தானை அமுக்கினாள்.

பொட்டல் முழுக்க அமைதி விழுந்தது. மாமா திரும்பினார். "என்ன தாயி, ஃபியூஸ் போயிருச்சா?" "இருபத்தொம்பது," என்றாள். முதலில் காற்றுதான் வந்தது. மறுபடி சொன்னாள். "இருபத்தொம்பது பேரு டீச்சர். ஓடைக்கு அங்கிட்டுக் காலனி இருக்கு, ஒம்பது பேரு. கருவைக்குள்ள மூட்டக் குடிசை, மூணு பேரு." "காலனி தனி ஊருல்ல தாயி," என்றார் மாமா, பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி. "தனி ஊருன்னா தனி டேங்க் எங்க மாமா?" மாமா கம்பைக் கருவைப் பக்கம் நீட்டினார். "மூட்டக்காரனுக நாளைக்கே போயிருவானுக." "நாளைக்குத்தான? நேத்து ராத்திரி இங்கதான் படுத்தாக." அவர் கம்பைத் தரையில் ஊன்றினார். "சரி, ரொம்ப வெவரமாப் பேசுற. முப்பதுக்கு ஒண்ணு கொறையுதே, அதுக்கு என்ன செய்வ? உம் மகன் மாரிராசைச் சேத்துச் சொல்லேன், பெத்தவதான?" "அவன் திருப்பூர்த் தண்ணி குடிக்கிறான்." "அப்ப அந்த மூட்டக்காரன் பொஞ்சாதி சுடலி வயித்துல ஒண்ணு இருக்காம்ல, அதையும் சேத்துக்கோ!" "அது இன்னும் வாயே தெறக்கல மாமா. தெறக்கட்டும், நானே வந்து சொல்றேன்." டீச்சர் தாளால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். இந்தச் சிரிப்பு வேறு.

"உங்களச் சேத்தாம்மா இருபத்தொம்பது, சேக்காமலா?" "சேத்துத்தான். ஒண்ணுன்னு எழுதுங்க." அரை என்று உள்ளே குரல் எழுந்தது. எழட்டும். "அரை இல்ல. ஒண்ணு." டீச்சர் எழுதினாள். பிறகு பேனாவை நிறுத்தினாள். "அம்மா, முப்பதுக்குக் கீழன்னா தொட்டிய நிறுத்திருவாங்கன்னு..." "தெரியும் டீச்சர். அன்னைக்கு நானூத்திப் பன்னெண்டுன்னு எழுதிக் குடுத்ததுக்குத்தான் இன்னைக்குக் கேள்வி வருது. அன்னைக்கு இருந்தது நூத்தி எழுபத்தொண்ணு. உள்ள வந்து பாருங்க, சுவத்துல இருக்கு. இருபத்தாறு வருஷமும் இருக்கு. நிறுத்த வர்றவுகளும் வந்து சுவத்தைப் பாக்கட்டும். பாத்துட்டு, இந்த இருபத்தொம்பதுல யாரைத் தண்ணி குடிக்காதன்னு சொல்லப்போறாகளோ, அவுக பேரைச் சொல்லிட்டு நிறுத்தட்டும். பொய் சொல்லி ஒண்ணைக் கூட்ட மாட்டேன். ஒருத்தரையும் விடவும் மாட்டேன்." இவ்வளவு நீளமாகப் பேசினோமா என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது. தொண்டையைத் தடவிப் பார்த்தாள். எழுபத்தொன்று வெளியே வந்துவிட்டிருந்தது.

மூலையில் சாத்தியிருந்த வால்வுச் சாவியை எடுத்தாள், நெஞ்சு உயரம், இரும்பு. மாமா போட்ட கோடு ஓடையோரம் நின்ற இடத்தில் அதன் நுனியை வைத்து அழுத்தி இழுத்தாள். ஓடையைத் தாண்டி, காலனியின் ஒரே தெரு வரைக்கும் ஒரு கோடு, கருவைக்குள்ளே ஒரு வட்டம். கரிசல் மண் கிழிந்து வழிவிட்டது. "இதையும் வரைஞ்சுக்கோங்க டீச்சர்." டீச்சர் குனிந்து பார்த்து வரைந்தாள், பிறகு எழுந்து சுவரைப் பார்க்க உள்ளே போனாள். மாமா தன் கோட்டையும் அவள் கோட்டையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளைத்தாய் வால்வுக் குழிகளுக்குப் போனாள். மூன்று குழி. இடதுகோடியில் வடக்குத் தெரு, நடுவில் தெற்கு, வலதுகோடியில் காலனி. கால் பழக்கத்தில் இடப்பக்கம் திரும்பியது. அவள் காலை நிறுத்தினாள். ஆறு நிமிஷத் தண்ணீர் குறைவு, குறைவு கடைசி வரிசைக்கு. வலதுகோடிக்குப் போய்ச் சாவியை இறக்கினாள். ஒன்பது சுற்று. குழாய்க்குள் காற்று முனகியது, பிறகு தண்ணீர் போகிற கனம் கைக்கு வந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் சத்தமில்லை, இந்நேரத்துக்கு வரும் என்று யாரும் குடத்தோடு நிற்கவில்லை. பிறகு இருளப்பன் குரல், "ஏ, ஓடியாங்க, தண்ணி வந்துருச்சு! இன்னைக்கு முன்னாடியே வந்துருச்சு!" குடங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. வடக்குத் தெருவிலிருந்து மாமா வீட்டு அத்தை வெறும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். "ஏ வெள்ளத்தாயி, எங்க கொழாய்ல காத்துதான வருது. எங்களுக்கு என்ன ஆச்சு?"

வெள்ளைத்தாய் சாவியின் மேல் கையை ஊன்றி நின்றாள். "வரும் அத்தை," என்றாள். "ஒங்க முறை வரும்போது வரும்."